பெர்சோனா 5 ராயல்: மூன்று பேலஸ் முடித்தபின் சொல்லத் தோன்றுவது

மூன்றாவது பேலஸ் (எதிரியின் மனம் கட்டிய கோட்டை) முடிந்து, ஜூலைத் தேர்வும் எழுதியாயிற்று. ஏப்ரல் 9-ல் தொடங்கும் கேமின் காலண்டர் அடுத்த ஆண்டுக்குள்ளும் நீள்கிறது என்பதால் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. ஆனாலும் பெர்சோனா 5 ராயல் தன் அடிப்படை விதிகளை இந்த மூன்று பேலஸுக்குள்ளேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இங்கே யென்னைவிடப் பெரிய செல்வம் எஸ்பி, அதாவது மாய ஸ்கில்களுக்குச் செலவாகும் சக்தி. எஸ்பி தீர்ந்தால் பேலஸை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறினால் ஒரு நாள் போச்சு. அந்த நாளோடு ஒரு நண்பரைப் பார்த்திருக்கக்கூடிய மாலையும் போச்சு. சண்டையில் ஒரு ஸ்கில்லை வீணடித்தால், அதன் விலையை ஷிபுயா தெருவில் கொடுக்கிறோம். இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு கேம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

அடிப்படைத் தகவல் சுருக்கமாக: மூல பெர்சோனா 5 ஜப்பானில் 2016 செப்டம்பரில் வந்தது. அதன் விரிவாக்கமான ராயல் 2019 அக்டோபர் 31-ல் பிஎஸ்4-க்கு ஜப்பானிலும், 2020 மார்ச் 31-ல் மற்ற நாடுகளிலும் வெளியானது. 2022 அக்டோபர் 21-ல் பிசி, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5 எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உருவாக்கியது அட்லஸ். இசை ஷோஜி மெகுரோ, பாத்திர வடிவமைப்பு ஷிகெனோரி சோயெஜிமா. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 100 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கதைத் தொடக்கம் தெரிந்ததுதான். குடிபோதையில் ஒரு பெண்ணிடம் வம்பு செய்தவனைத் தடுத்ததற்காக, அடிதடி வழக்கில் மாட்டி நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் மாணவன். யோங்கென்-ஜாயாவில் லெப்லாங் என்ற காபிக் கடையின் பரணில் தங்கி, ஷுஜின் பள்ளியில் சேர்கிறான். பெரியவர்களின் கோணல் ஆசைகள் வேறோர் உலகில் கட்டடங்களாக எழுந்து நிற்கின்றன, அவைதான் பேலஸ். உள்ளே புகுந்து அந்த ஆசையின் மூலப் பொருளைத் திருடினால், அந்த மனிதர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வார். முதல் இலக்கு காமோஷிடா, ஒலிம்பிக் பதக்கம் வென்ற வாலிபால் பயிற்சியாளர். மாணவர்களை அடிப்பது, மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல், ஒரு மாணவியின் தற்கொலை முயற்சி எல்லாம் இந்த முதல் பகுதியிலேயே வருகின்றன. இவற்றைப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள் தெரிந்துகொண்டே தொடங்குவது நல்லது. விஷயத்தை மழுப்பாமல், பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் எப்படிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதுவரை காட்டியிருப்பதால்தான் முதல் பேலஸ் இவ்வளவு அழுத்தமாக நிற்கிறது.

முதல் சில மணி நேரம் கேம் நம் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. எங்கும் போக விடாது, "இன்று தூங்கு" என்று மோர்கனா பூனை சொல்லிக்கொண்டே இருக்கும். பலர் இங்கேதான் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். ஏப்ரல் 18 வாக்கில் கட்டு அவிழ்கிறது. அதுவரை பொறுக்க வேண்டும்.

இப்போது எஸ்பி கணக்குக்கு வருவோம். நாயகர்கள் சண்டையில் அழைக்கும் மன உருவம்தான் பெர்சோனா, அதன் மாய ஸ்கில் எதைப் போட்டாலும் எஸ்பி குறையும். பிசிகல் ஸ்கில்லுக்கு எச்பி (உயிர்சக்தி) போகும். எச்பியை மருந்தில் ஏற்றலாம், எஸ்பியை ஏற்றும் பொருள்கள் தொடக்கத்தில் மிகக் குறைவு. அதனால் எஸ்பி செலவழிக்காமல் எதிரியைக் கீழே தள்ளும் வழிகளைத் தேடுவதே முதல் வேலை. இங்கே ராயல் செய்திருக்கும் ஒரு மாற்றம் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது: துப்பாக்கிக் குண்டுகள் ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக நிரம்பிவிடும். மூல கேமில் உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும்வரை கையில் இருப்பதுதான் குண்டு என்பதால் எல்லோரும் சேமித்துச் சேமித்து, கடைசியில் பயன்படுத்தாமலே விட்டார்கள். ராயலில் அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

காமோஷிடா கோட்டையில் வரும் பிக்ஸியை எடுத்துக்கொள்வோம். அதற்குத் துப்பாக்கி பலவீனம். மறைவிலிருந்து பாய்ந்து முதல் டர்னைக் கைப்பற்றுகிறோம். ஜோக்கர் (நாயகனின் புனைபெயர்) சுடுகிறான், முதல் பிக்ஸி விழுகிறது, உடனே "ஒன் மோர்", அதாவது அதே ஆளுக்கு இன்னொரு வாய்ப்பு. அதை வைத்து அவனே அடுத்ததைச் சுடலாம், அல்லது பேட்டன் பாஸ் மூலம் வாய்ப்பை வேறொருவருக்குக் கைமாற்றலாம். கைமாறும்போது தாக்கும் சக்தி கூடுகிறது. எல்லா எதிரிகளும் விழுந்ததும் சுற்றி வளைத்துவிடுவார்கள். அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து பாயும் ஆல்-அவுட் அட்டாக். மொத்தச் சண்டையிலும் செலவான எஸ்பி பூஜ்யம். பத்துச் சண்டை இப்படிப் போனால், துப்பாக்கி வேலை செய்யாத பெரிய எதிரிகளுக்கு எஸ்பி அப்படியே மிச்சம் இருக்கும்.

பேட்டன் பாஸும் ராயலில் முதலிலிருந்தே எல்லோருக்கும் உண்டு. மூல கேமில் ஒவ்வொரு நண்பரோடும் உறவை வளர்த்துப் பெற வேண்டியிருந்தது. நான்கு பேரிடமும் வரிசையாகப் பாஸ் போய்ச் சேர்ந்தால், நான்காவது ஆள் போடும் ஸ்கில்லுக்கு எஸ்பியோ எச்பியோ செலவாகாது. ஆகவே விலை மலிவான சிறு தாக்குதல்களால் முதல் மூன்று பேரும் எதிரிகளை வீழ்த்தி, இருப்பதிலேயே விலை உயர்ந்த ஸ்கில்லை நான்காமவருக்கு ஒதுக்குவதே நல்ல வரிசை. கட்டளைப் பட்டியலில் முதலில் இருப்பவரே அந்த விலையுயர்ந்த ஸ்கில்லைப் போட்டு முடித்துவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்வது.

கிச்சிஜோஜி பகுதி திறந்ததும் அங்கே டார்ட்ஸ் விளையாடினால் பேட்டன் பாஸின் பலன் படிப்படியாக உயரும். அதே இடத்தில் பில்லியர்ட்ஸ் ஆடினால் டெக்னிக்கல் தாக்குதலின் பலன் உயரும். டெக்னிக்கல் என்பது, எதிரி ஏற்கெனவே ஒரு கோளாறில் இருக்கும்போது அதற்குப் பொருத்தமான தாக்குதலைக் கொடுப்பது: எரியும் எதிரிக்குக் காற்று, உறைந்த அல்லது மின்னதிர்ச்சி பட்ட எதிரிக்கு பிசிகல் அல்லது நியூக்ளியர், தூங்கும் எதிரிக்கு எது வேண்டுமானாலும். பலவீனம் ஒன்றும் இல்லாத எதிரிகள் வரத் தொடங்கும்போது இதுதான் காப்பாற்றும். தூங்க வைக்கும் ஸ்கில்லை யாரிடமாவது எப்போதும் வைத்திருங்கள். டார்ட்ஸுக்கும் பில்லியர்ட்ஸுக்கும் நேரம் செலவாகும் என்றாலும், ஜூன் மாதத்தில் அந்த முதலீடு நிச்சயம் தகும்.

ஒவ்வொரு பேலஸிலும் மூன்று வில் சீட்கள் ஒளிந்திருக்கின்றன. கண்டெடுத்தவுடன் கொஞ்சம் எஸ்பி ஏறும், மூன்றும் சேர்ந்தால் ஓர் அணிகலன் கிடைக்கும். அந்த அணிகலனை மெமெண்டோஸ் என்ற பொது நிலத்தடி உலகில் உலவும் ஜோஸே என்ற சிறுவனிடம் கொடுத்துப் பட்டை தீட்டலாம். பார்த்தவுடன் எடுத்துவிடாதீர்கள். அருகில் உள்ள சேஃப் ரூம் எது என்று குறித்துக்கொண்டு முன்னேறி, எஸ்பி வறண்டபின் அங்கே தாவி வந்து எடுங்கள். வில் சீட் இருக்கும் இடங்களுக்குப் போக ராயலில் புதிதாக வந்த கொக்கிக் கயிறு தேவைப்படும். வரைபடத்தில் எங்கும் சேராத ஒரு மேடையோ பலகணியோ கண்ணில் பட்டால் மேலே பாருங்கள், கயிறு மாட்டும் இடம் இருக்கும்.

எஸ்பியை நிரந்தரமாகத் தீர்க்கும் வழி தாகேமி. யோங்கென்-ஜாயாவில் இருக்கும் மருத்துவர், அவர் தரும் சோதனை மருந்தைக் குடிக்கத் துணிச்சல் வேண்டும். உறவு வளர வளர அவர் விற்பனைப் பட்டியலில் எஸ்பி அட்ஹீசிவ் வருகிறது. அதில் மூன்றாம் வகையை அணிந்தவருக்குச் சண்டையில் ஒவ்வொரு டர்னிலும் 7 எஸ்பி ஏறும். விலை 100,000 யென். அவரோடு இன்னும் நெருங்கினால் தள்ளுபடியும் உண்டு. முதல் மாதங்களில் ஆயுதம், கவசம் வாங்குவதற்குப் பதில் பணத்தை இதற்குச் சேர்ப்பது மேல். சேர்ப்பதற்கு வழி: எதிரியைச் சுற்றி வளைக்கும்போது தாக்காமல் பணம் கேட்பது, பேலஸில் பொறுக்கிய விற்பனைப் பொருள்களை ஷிபுயா சந்துக்குள் இருக்கும் இவாயின் ஏர்சாஃப்ட் கடையில் தள்ளுவது. ஒன்றை ஜோக்கருக்குப் போட்டபின் இரண்டாவதை மோர்கனாவுக்குப் போடுங்கள், மருத்துவம் பார்ப்பவர் வறண்டால் எல்லோரும் வறண்டமாதிரிதான். லெப்லாங்கில் சோஜிரோ கற்றுத்தரும் காபியும் கறியும்கூட எஸ்பி ஏற்றும். மழை பெய்யும் மாலைகளில் வேறு வேலை இல்லையென்றால் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு பேலஸுக்கும் கெடு உண்டு: காமோஷிடா மே 2, மதராமே ஜூன் 5, கானேஷிரோ ஜூலை 9. புதையல் (திருட வேண்டிய அந்த மூலப் பொருள்) இருக்கும் இடம்வரை வழி கண்டுபிடிப்பது ஒரு நாள். திருடப்போகிறோம் என்று சொல்லும் அறிவிப்பு அட்டை அனுப்புவது இன்னொரு நாள். அட்டை போன மறுநாளே திருட்டு, தள்ளிப்போட முடியாது. கெடுவின் கடைசி நாளில் உள்ளே நுழைந்தால் அட்டை அனுப்ப நாள் இருக்காது, கேம் முடிந்துவிடும். பேலஸுக்கோ மெமெண்டோஸுக்கோ போய்வந்த இரவில் களைத்துப்போய் வெளியே போகவும் முடியாது. ஆக, ஒரு பேலஸை நான்கு முறையாகப் பிரித்துப் போனால் நான்கு பகலும் நான்கு இரவும் கரைகின்றன. ஒரே மூச்சில் முடித்தால் அதில் மூன்று பகலும் மூன்று இரவும் கையில் நிற்கும்.

காமோஷிடாவையும் கானேஷிரோவையும் சுதந்திரமாக உள்ளே போகக் கிடைக்கும் முதல் நாளிலேயே முடிக்கலாம். மதராமேயில் மட்டும் முடியாது. பாதி வழியில் ஒரு கதவு வருகிறது. நிஜ உலகில் அவர் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் அறை திறந்தால்தான் இங்கே இந்தக் கதவு திறக்கும் என்பதால் வெளியேறியே ஆக வேண்டும். இது தெரியாமல் முதல் நுழைவிலேயே எஸ்பி மருந்துகளையெல்லாம் கொட்டிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. முதல் பாதிக்குத் துப்பாக்கியும் கையிருப்பும் போதும், மருந்தை இரண்டாம் பாதிக்கு வைத்திருங்கள்.

மிச்சமான நாள்களை எதற்குச் செலவிடுவது? ஆறு வழி ஒரே நேரத்தில் இழுக்கும். நாயகன் வளர்த்துக்கொள்ள வேண்டிய பண்புகளில் இந்தக் கட்டத்தில் துணிச்சல்தான் முதலில். தாகேமி, அடுத்து வகுப்பாசிரியை கவகாமி, பிறகு இவாய் என்று பலன் அதிகமுள்ள உறவுகள் எல்லாம் துணிச்சலைக் கேட்டுத்தான் கதவு திறக்கின்றன. கவகாமிக்கு மூன்றாம் நிலை, இவாய்க்கு நான்காம் நிலை. கவகாமியை ஒவ்வொரு முறை அழைக்கவும் 5,000 யென் ஆகும், அது வலிக்கும். ஆனால் அந்த உறவு பத்தாம் படியைத் தொட்டால் பேலஸ் போய்வந்த இரவிலும் மசாஜ் செய்துகொண்டு வெளியே கிளம்பலாம். இந்தக் கேமில் அதைவிடப் பெரிய பரிசு இதுவரை கண்ணில் படவில்லை. அணித் தோழன் ரியூஜியின் ஏழாம் படியும் அவசியம்: லெவல் வெகுவாகக் குறைந்த எதிரிகள்மீது ஓடி மோதினாலே சண்டைத் திரை வராமல் கதை முடிந்துவிடும், மெமெண்டோஸ் பயணம் பாதி நேரத்தில் முடியும். அரசியல்வாதி யோஷிதா ஞாயிறு மாலைகளில் மட்டும்தான் கிடைப்பார், ஞாயிறு மாலையை அவருக்கே எழுதி வைத்துவிடுங்கள்.

யாரைப் பார்க்கப் போனாலும் அவருடைய அர்கானாவைச் (டாரட் சீட்டு வகை) சேர்ந்த ஒரு பெர்சோனா கையில் இருக்க வேண்டும். இருந்தால் நெருக்கம் வேகமாகக் கூடும், இல்லாவிட்டால் அடுத்த படிக்கு இன்னொரு மாலை வீணாகும். பெர்சோனாக்களை இணைத்து உருவாக்கும் வெல்வெட் ரூமில் முன்பு பதிவு செய்த பெர்சோனாவைக் காசு கொடுத்து அழைத்துக்கொள்ளலாம், ஒரு மாலையைவிட அந்தக் காசு மலிவு.

காலம் செலவாகாத வேலைகளையும் கவனியுங்கள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் புத்தகம் படிக்கலாம், நேரம் போகாது. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குச் சரியான விடை சொன்னால் அறிவு ஏறும். ஞாயிறுகளில் ஷிபுயா நிலத்தடி நடைபாதையில் ஒரு கடையில் பச்சைச் சாறு விற்பார்கள், குடித்தால் போதும், ஏதோ ஒரு பண்பு உயரும். படிக்க வேண்டுமென்றால் மழை நாளைத் தேர்ந்தெடுங்கள், ஷிபுயா உணவகத்தில் கூடுதல் பலன் உண்டு. குளியல் இல்லத்துக்குத் திங்கள், வியாழன். தேர்வுகள் மே 11 முதல் 13, ஜூலை 13 முதல் 15. நல்ல இடம் வந்தால் வசீகரம் ஏறும் என்பதால் அந்த வாரத்துக்கு முன் படிப்பது இரட்டை லாபம்.

இவ்வளவு சொன்னபிறகும், நாள்வாரியாக "இன்று இதைச் செய்" என்று எழுதிய அட்டவணைகளை வைத்து முதல் முறை ஆடாதீர்கள் என்றே சொல்வேன். இந்தக் கேமின் இனிமையே, மழை பெய்கிறது, அணித் தோழி ஆன் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள், கையில் ஒரு மாலைதான் இருக்கிறது என்ற இழுபறியில் இருக்கிறது. அதை அட்டவணையிடம் ஒப்படைத்தால் மிஞ்சுவது வெறும் பொத்தான் அழுத்தல். விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.

வெல்வெட் ரூமில் ராயல் சேர்த்திருக்கும் அலாரம் அருமையான யோசனை. சில சண்டைகளுக்குப் பிறகு அலாரம் அடிக்கும். அப்போது இரண்டு பெர்சோனாக்களை இணைத்தால் வழக்கத்தைவிட வலுவான ஒன்று பிறக்கும், பொருளாக மாற்றினாலும் தரமான பொருள் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் விபத்து நேரும் வாய்ப்பு ஏறும். முக்கியமான இணைப்பை முதலில் செய்துவிடுங்கள், அதற்குமுன் சேவ் செய்யுங்கள். இணைப்பில் எந்த ஸ்கில் வரவேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். சம்பந்தப்பட்ட அர்கானாவின் உறவு வளர்ந்திருந்தால் புதிதாகப் பிறக்கும் பெர்சோனாவுக்குக் கூடுதல் அனுபவப் புள்ளிகளும் கிடைக்கும். முதல் பெர்சோனாவான ஆர்சேனைப் பாசத்தோடு கடைசிவரை வைத்திருக்க வேண்டியதில்லை. பலவீனம் மாறும் பேலஸ்களில் பழைய பெர்சோனா இடத்தைத்தான் அடைக்கும். பிடிக்க முடியாத எதிரி இருந்தால் லெவலைப் பாருங்கள். நம் லெவலைவிட உயர்ந்தது நம்மோடு வராது, எவ்வளவு இனிக்கப் பேசினாலும்.

ஜோக்கர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, மற்ற மூவரும் முழு எச்பியோடு நின்றாலும் சரி. பழைய விதிதான், இன்றும் கோபம் வரவைக்கும் விதி. அவன் கையில் இருக்கும் பெர்சோனாவின் பலவீனம் எதிரியின் தாக்குதலோடு பொருந்தாமல் பார்த்துக்கொள்வதே தற்காப்பு. ஒரு டர்னில் ஒருமுறை பெர்சோனாவை மாற்றலாம். டர்னை முடிக்கும்முன் பாதுகாப்பான ஒன்றுக்கு மாற்றிவிட்டு முடிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆர்சேனுக்கு ஐஸும் பிளெஸ்ஸும் ஆகாது, அதை வைத்துக்கொண்டு டர்னை முடித்ததால் நின்றுபோன ஆட்டங்கள் ஏராளம்.

பேலஸ்களில் எது சிறந்தது என்றால், இதுவரை காமோஷிடா கோட்டைதான். சின்னது, ஒவ்வொரு அறையும் அந்த மனிதரைப் பற்றி ஏதோ சொல்கிறது. இறுதிச் சண்டையில் அவர் கோப்பையிலிருந்து குடித்து எச்பி ஏற்றிக்கொள்வார். கோப்பையைக் குறிவைக்க வழி கிடைத்ததும் அதை முதலில் உடைக்காவிட்டால் சண்டை முடியவே முடியாது. பிறகு கிரீடத்தைத் திருட ஒருவரை அனுப்பும் வாய்ப்பு வரும். அந்த நேரம் மூன்று பேர் மட்டுமே தாக்குப் பிடிக்க வேண்டும், எனவே மோர்கனாவை அனுப்பாதீர்கள்.

மதராமேயின் அருங்காட்சியகம் கண்ணுக்கு அழகு, ஓவியத்துக்குள் நுழைந்து வெளிவரும் பகுதி இரண்டாம் முறை அலுப்பு. அவர் சண்டையில் கண்கள், மூக்கு, வாய் என்று பிரிந்து நிற்கும் ஓவியங்களில் சில பிசிகல் தாக்குதலை விழுங்கும், சில மாயத்தை விழுங்கும். நான்கையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வீழ்த்தாவிட்டால் மறுபடி வரைந்துவிடுவார். ஒவ்வொன்றின் எச்பியையும் சமமாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசி அடியை ஒரே சுற்றில் கொடுங்கள். அவர் நம்மீது பூசும் கருப்புச் சாயம் எல்லா மூலகத்துக்கும் நம்மைப் பலவீனமாக்கும். அதே சாயத்தை அவர்மீது திருப்பிவிட வாய்ப்பு வரும், விட்டுவிடாதீர்கள்.

கானேஷிரோவின் வங்கி ஷிபுயாவின் தலைக்குமேல் மிதக்கிறது. அவனிடம் சிக்கியவர்கள் தெருவில் ஏடிஎம் இயந்திரங்களாக நடமாடுகிறார்கள், சிலர் பழுதாகிக் கீழே கிடக்கிறார்கள். முப்பது லட்சம் யென் கேட்டு மாணவர்களை மிரட்டும் ஒருவனின் மனம் இப்படித்தான் இருக்கும் என்று ஒரே காட்சியில் புரியவைத்துவிடுகிறார்கள். உள்ளே போனால் கடவுச்சொல் புதிர்கள், மேலும் கீழும் ஓட்டம். வடிவமைப்பில் மூன்றில் பலவீனமானது இதுதான். சண்டையில் உருண்டு வந்து மோதத் தயாராகும்போது எல்லோரும் கார்டு (தற்காப்பு) போடுங்கள். மகோதோ அணியில் சேர்ந்துவிடுவதால் நியூக்ளியர் கையில் வருகிறது. உறைய வைக்க யூசுகே, உடைக்க மகோதோ என்ற ஜோடி இங்கிருந்து பலமாகிறது.

குறைகள் உண்டு, சிறியவை என்று தள்ள முடியாதவையும் உண்டு. ஒரு காட்சியில் பேசியதையே அன்று இரவு குறுஞ்செய்தியில் திரும்பப் பேசுகிறார்கள், மறுநாள் மறைவிடத்தில் மூன்றாம் முறை. அதைவிட உறுத்துவது ஆனை நடத்தும் விதம். ஓர் ஆசிரியர் அவளைப் பொருளாகப் பார்த்ததன் கொடுமையை முதல் பேலஸ் முழுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பேலஸிலேயே அவளை ஆடையில்லாமல் ஓவியத்துக்கு நிற்கச் சொல்வதை நகைச்சுவையாக்குகிறார்கள். சொந்த நண்பர்களே அதற்கு உடந்தை. தன் கதை சொன்னதைக் கேமே மறந்துவிட்டதுபோல் இருக்கிறது. பள்ளி மாணவன் தன் ஆசிரியையையும் மருத்துவரையும் காதலிக்க வழி வைத்திருப்பதும் அப்படித்தான். நட்பாகவே கடைசிவரை கொண்டுபோகலாம், பலன்கள் எதுவும் குறையாது.

கடினநிலை பற்றி ஒரு விஷயம். மெர்சிலெஸ் என்ற உச்ச நிலையில் பலவீனம், கிரிட்டிக்கல், டெக்னிக்கல் தாக்குதல்களின் சேதம் மூன்று மடங்காகிறது. அது எதிரிக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். பலவீனம் தெரிந்து ஆடுபவருக்கு ஹார்டைவிட மெர்சிலெஸ் எளிதாகிவிடும் வினோதம் இங்கே உண்டு. முதல்முறை ஆடுபவர்களுக்கு நார்மல் சரியாக இருக்கும். இந்த வகைக் கேம்களில் பழகியவர்கள் ஹார்டில் தொடங்கலாம், எஸ்பி கணக்கு அங்கேதான் உண்மையாக இறுக்குகிறது.

எந்தக் கருவியில் வாங்குவது? ஸ்விட்சில் நொடிக்கு 30 ஃபிரேம், படமும் சற்று மங்கல். கையில் எடுத்துக்கொண்டு போகும் வசதிக்காக அதை ஏற்கலாம். பிசியிலும் பிஎஸ்5-லும் 60. பிஎஸ்4-ல் பாதி ஆடியவர்கள் பிஎஸ்5 பதிப்புக்குத் தாவ நினைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்: சேவ் மாறாது, தனியாகக் காசு கொடுத்து வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குரல் நடிப்பை ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் மாற்றிக் கேட்கலாம். சண்டைக்கு நடுவே ஓடும் பேச்சுகளை எழுத்தில் தேட நேரமிருக்காது என்பதால் ஆங்கிலம் வசதி.

இந்த இடத்தில் நிற்பவர்கள் இனி மறக்கக்கூடாத மூன்று தேதிகள் உள்ளன. ராயலுக்காகவே எழுதப்பட்ட மூன்றாம் பருவம் தானாக வராது. பள்ளியின் மனநல ஆலோசகர் மருகியோடு உறவு நவம்பர் 17-க்குள் ஒன்பதாம் படியைத் தொட்டிருக்க வேண்டும். துப்பறிவாளன் அகேச்சியோடு நவம்பர் 24-க்கு முன் எட்டாம் படி. பள்ளி மாணவி கசுமியோடு டிசம்பர் 18-க்கு முன் ஐந்தாம் படி. மருகி பள்ளியில் பகலில் மட்டும்தான் கிடைப்பார், அதுவும் எல்லா நாளும் இல்லை. கோடை விடுமுறை தொடங்கும்முன் அவர் அறைக் கதவைத் தட்டத் தொடங்குங்கள்.